பாக்கியலெட்சுமியின் நெற்றி

இராசையா சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு உறை இருந்தது. இரண்டையும் நிதானமாகப் பிரித்து, செத்துப்போன மனைவியின் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தபோது, ஜெயந்தினி யாருடைய கல்யாணக் கார்டுக்கோ தங்க நிறத்தில் பிள்ளையார் வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை பழைய மாதிரி. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புகுந்து, படத்தில் இடப்பக்கக் கன்னம் முழுவதும் வெளுத்துப் போயிருந்தது. ஒரு கண்ணும் பாதி மூக்கும் மூக்குத்தியும்தான் மிச்சம்.

"பேரு, தேதி எல்லாம் இதுல இருக்கு புள்ள. மகன் போன்ல சொல்லியிருப்பான்."

சொல்லியிருந்தான். கருமாதிக்கு எட்டடிக்கு நாலடி பேனர், மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே குடும்பத்தார் பெயர்கள். படத்தைக் கொழும்பிலிருந்து காலையிலேயே முதலாளியின் போனுக்கு அனுப்பியும் விட்டான். தகப்பனுக்கு இருந்த வேலை பெயரையும் தேதியையும் எழுத்துப் பிழை வராமல் காட்டிவிட்டுப் போவதுதான். அவரோ போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படத்தையும் இதுலயிருந்தே எடுக்க ஏலுமா?"

"இதுல மொகமே இல்லையே மாமா. சதீஸ் அண்ணன் அனுப்புனது நல்லா இருக்கே."

"அது நல்லாத்தான் இருக்கு," என்றார் இராசையா. "ஆனா அது அவ இல்ல புள்ள."

பாக்கியலெட்சுமி செத்துப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல்கணக்குப் பிரிவில் கொழுந்து எடுத்தவள். பதினோராம் நம்பர் மலையில் செடிக்குள் இருந்த குளவிக்கூட்டில் கை பட்டுவிட்டது. கூட இருந்தவர்கள் கொங்காணித் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடித் தப்பினார்கள். இவள் ஐம்பத்தெட்டு வயதுக்காரி, ஓடினாலும் எவ்வளவு தூரம் ஓடுவாள். தோட்டத்து லொறி பாதி வழி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த நாள் காலை, ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டில், பதினோராம் நம்பரை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் நம்பருக்கு ஆள் அனுப்பினார்கள். தோட்டம் காட்டிய மரியாதை அவ்வளவுதான்.

ஜெயந்தினி அதே தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில் பிறந்த பிள்ளை. தோட்டத்து வாசிகசாலையில் யாரோ கொடுத்த ஆறு பழைய கம்பியூட்டர்களில் படம் வரையவும் படம் திருத்தவும் படித்தவள். அவற்றில் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இல்லை. கிம்ப் என்ற இலவச மென்பொருள்தான் இருந்தது. அதில் கை பழகி, பதுளைக்கு வந்து, பசறை வீதியில் வைரவநாதன் முதலாளியின் கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். இன்னும் பாதி நாள் லெமினேட்டிங், மீதி நாள் போட்டோகொப்பி. நடுவில் கிடைக்கிற நேரத்தில் கார்டு, நோட்டீஸ் என்று சில்லறை டிசைன் வேலை. ஆவணியிலிருந்து பெரிய கம்பியூட்டரில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆவணிக்கு இன்னும் பத்து நாள்.

வைரவநாதனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு வருடம் கள்ளப் பிரதி போட்டோஷொப்பில் கடை நடத்தியவர். வைரஸ் வந்தால் கம்பியூட்டரைத் துடைத்து மறுபடியும் அதே சீடியைப் போடுவார், அதோடு வாடிக்கையாளர்களின் படங்களும் துடைபட்டுப் போகும். போன வருடம் சுற்றுலா ஊரான எல்லவில் ஒரு ஹோட்டல்காரர் "நீங்கள் வைத்திருப்பது ஒரிஜினலா?" என்று கேட்டுவிட்டார். முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதச் சந்தா கட்டி அசல் மென்பொருளை எடுத்தார். அன்றைக்கே கடைக் கண்ணாடியில் 'இங்கே ஒரிஜினல் மட்டும்' என்று சிவப்பில் ஸ்டிக்கர் ஏறியது. திருடி வைத்திருந்த காலத்தில் வராத வெட்கம், யாரோ மனமுவந்து இலவசமாகக் கொடுத்ததைப் பார்த்தால் மட்டும் அவருக்கு வந்தது. ஜெயந்தினியின் மடிக்கணினியில் இருந்த கிம்பை அவர் ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. ஓசி என்பார். "ஒன்னோட ஓசிய மூடி வச்சிட்டு இங்க வா." நாலு வருடமாக இதே பாட்டு.

அந்த ஓசிதான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வாரம் இந்தக் கடையைக் காப்பாற்றியது. வைரஸ் வந்து கடைக் கம்பியூட்டர் படுத்துவிட்ட வாரம் அது. வேலை முழுவதையும் ஜெயந்தினி தன் மடிக்கணினியில் செய்தாள். அந்த வாரத்தில்தான் பாக்கியலெட்சுமி கடைக்கு வந்தாள். கண்ணாடி போட ஆஸ்பத்திரிக்கு வந்தவள், அப்படியே தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். வாழ்க்கையில் அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிர அவளுக்கென்று தனிப் படம் இல்லையாம். மகன் கொழும்பில் புது வீட்டுக்குக் குடிபோகிறான், ஹோலில் மாட்டுவதற்கு அம்மா படம் கேட்டிருக்கிறான்.

"கொஞ்சம் வெள்ளையா போட்டுருவீங்களா புள்ள," என்று கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பை விலக்கி நெற்றியின் மேல்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதையும் எடுத்துருங்க."

முடி தொடங்கும் இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, காதிலிருந்து காது வரை ஒரு பள்ளம். கொழுந்துக் கூடையின் கயிறு முப்பத்தைந்து வருடம் இழுத்து இழுத்துப் பதித்த தடம். அந்த வரியில் முடி முளைக்கவில்லை, தோல் மினுமினுவென்று கறுத்திருந்தது. ஜெயந்தினியின் அம்மாவுக்கும் அது உண்டு. மலையில் வேலை செய்கிற பெண்கள் பாதிப் பேருக்கு உண்டு. சாமி கும்பிடும்போது எல்லோரும் வரிசையாகக் குனிந்தால் தெரியும்.

ஜெயந்தினி சொன்னபடி செய்தாள். வாசிகசாலையில் பழகிய முறைப்படி அசலை அடியில் அப்படியே விட்டு, அதற்கு மேல் பிரதி ஒன்றை வைத்து, அந்தப் பிரதியில் நிறத்தை வெளுத்து, தடத்தை மறைத்தாள். படம் அச்சாகி வந்ததும் பாக்கியலெட்சுமி அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

"பழசு இருக்கும்ல புள்ள? அழிச்சிர மாட்டீங்கதானே? அது இருக்கட்டும். நான் செத்தா மாமாவுக்கு வேணும். அந்த மனுசனுக்கு இது யாருன்னு வெளங்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. ஜெயந்தினியும் சிரித்துவிட்டு, அந்தக் கோப்புக்குப் பாக்கியம் அத்தை என்று பெயர் போட்டு வைத்தாள்.

இப்போது இராசையாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். கோப்பு இருந்தது. மேல் அடுக்கு ஒவ்வொன்றையும் அணைத்தாள். பளபளப்பு போனது. வெளுப்பு போனது. நெற்றியில் தடம் வந்தது. கடைசியில் பாக்கியலெட்சுமி மட்டும் திரையில் இருந்தாள். படம் எடுக்கும் நேரத்தில் கண்ணைச் சிமிட்டாமல் இருக்க வேண்டும் என்ற பயத்தில் கண்ணைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு, கறுப்பாக.

இராசையா எழுந்து வந்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "வந்துட்டா," என்றார். தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். போட்டோகொப்பி எடுக்க வந்த இரண்டு பேர் வெளியே போய் நின்றுகொண்டார்கள். ஜெயந்தினிக்குத் துக்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பானேன். நாலு வருடமாக இளக்காரம் பட்ட அவளுடைய ஓசி, ஒரு பொம்பிளையின் முகத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறது.

"இதையே போடுறேன் மாமா," என்றாள். யோசிக்காமல் கொடுத்த வாக்கு.

முதலாளி சாப்பிட்டுவிட்டு வந்ததும் சொன்னாள். அவர் திட்டவில்லை. பெரிய கம்பியூட்டருக்கு அழைத்துப் போனார். மகன் தன் வீட்டு ஹோலில் மாட்டியிருந்து அனுப்பிய வெள்ளைப் படத்தை அதில் ஏற்றி, புது மென்பொருளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்து, காலையிலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தார். கழுத்துக்குக் கீழே அரக்கு நிறப் பட்டுச்சேலை. கழுத்தில் காசுமாலை. முகத்தில் வாயைத் திறந்த ஒரு சிரிப்பு, அதில் முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக. அத்தனையும் மென்பொருள் தானாக நிரப்பிக் கொடுத்தது. திருமண மண்டப வாசலில் நின்று வரவேற்கிற பெண்ணைப் போல இருந்தாள்.

"பாரு, இதுதான் காசு குடுத்து வாங்குறதுக்கும் சும்மா வர்றதுக்கும் உள்ள வித்தியாசம். ஒன்னோட ஓசி இருக்கிறதத்தான் காட்டும். இது இல்லாததையும் குடுக்கும்."

"அவருக்கு இருக்கிறதுதான் வேணுமாம் முதலாளி."

"சரி, அடிச்சுப் பாரு," என்றார் அவர். துண்டு பேனர் ஒன்றைத் தானே மிஷினில் மாட்டியும் கொடுத்தார். தோற்கப்போகிறவளுக்குக் காட்டும் தாராளம் அது.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. திரையில் தெரியும் நிறத்தை அச்சு மையின் நிறத்துக்குச் சரியாக மாற்றுவதில் அவளுடைய மென்பொருளுக்குக் கை கொஞ்சம் கட்டை. முதல் துண்டில் பாக்கியலெட்சுமி மழையில் நனைந்த மண்ணாக வந்தாள். கண் எது, கன்னம் எது என்று தெரியவில்லை. முதலாளி பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். ஜெயந்தினி மறுபடியும் உட்கார்ந்து நிழலை மட்டும் தூக்கினாள். இரண்டாவது துண்டு பச்சை அடித்தது. மூன்றாவது துண்டு வெளியே வந்தபோது இராசையா எழுந்துவந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். முகம் சரியாக இருந்தது. தடமும் இருந்தது. ஈரம் காயாத அந்தத் தடத்தின் மேல் விரலை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு மகன் வர்றான்ல, அவன் சொல்லட்டும்," என்றார் முதலாளி.

சதீஸ்குமார் அடுத்த நாள் பதினொரு மணிக்கு வந்தான். கொழும்பில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. துக்கத்துக்கான கறுப்புப் பட்டி சட்டையில் குத்தியிருந்தது, தூக்கமில்லாத கண். தகப்பனும் கூடவே வந்திருந்தார். முதலாளி பெரிய திரையைக் காட்டினார். அம்மா சிரிப்பதைப் பார்த்ததும் சதீஸ்குமாரின் முகம் ஒரு நொடி குழந்தை முகமாகிவிட்டது. பிறகு ஜெயந்தினி மூன்றாவது துண்டைக் கொண்டுவந்து விரித்தாள். அதையும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தகப்பனிடம் திரும்பினான்.

"இதையா அப்பா?"

"இதுதான்பா ஒங்கம்மா."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" அவன் குரல் இறங்கியிருந்தது. "நாளானிக்கு ஆபிஸ்ல இருந்து வர்றாங்க. எம் பொண்டாட்டி வீட்டு ஆளுக வர்றாங்க. இந்தத் தடத்தோட எங்கம்மாவ எட்டடிக்குத் தொங்க விடணுமா? தோட்டம் அவங்கள என்னா செஞ்சு வச்சிருக்குன்னு எல்லாருக்கும் காட்டணுமா?"

"காட்டுனா என்னா?"

"அப்பா, ஒரு நாளாவது அவங்க நல்லா இருக்கட்டும்."

அவன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் ஜெயந்தினிக்கு அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. இராசையா அவளைப் பார்த்தார். சதீஸ்குமாரும் அவளைப் பார்த்தான்.

"தங்கச்சி, அம்மா படம் எடுக்க வந்தப்ப நீங்கதானே இருந்தீங்க. அம்மா என்னா சொன்னாங்க? நீங்களே சொல்லுங்க."

பெரிய கம்பியூட்டருக்கு முன்னால் முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாற்காலி ஆவணியிலிருந்து அவளுடையது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே பசறை பஸ் ஹோர்ன் அடித்தது.

"வெள்ளையா போடச் சொன்னாங்க," என்றாள் ஜெயந்தினி. "தடத்தையும் எடுக்கச் சொன்னாங்க."

அது உண்மை. பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. ஒருவரும் அவசரப்படவில்லை. சதீஸ்குமார் தலையை ஆட்டினான், இராசையா தலையைக் குனிந்தார், முதலாளி மெதுவாக நாற்காலியைத் திருப்பினார். அவ்வளவு நேரமும் அந்த வார்த்தை அவள் வாய்க்குள் இருந்தது. பழசு இருக்கட்டும், மாமாவுக்கு வேணும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அவள் மேசைமேல் கிடந்த ரசீதுப் புத்தகத்தை எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

"அப்ப சரி," என்றார் இராசையா. "அவளே சொல்லியிருந்தா சரி."

பேனர் அரை மணி நேரத்தில் அச்சாகியது. நிறம் கண்ணைப் பறித்தது. மிஷினுக்கு அடியில் மை சொட்டும் இடத்தில் விரித்திருந்த பழைய சீலை ஊறிப் போயிருந்ததால், முதலாளி மூன்றாவது துண்டை எடுத்து நாலாக மடித்து அங்கே போட்டார். அவருக்கு அதில் வன்மம் எதுவும் இல்லை. கைக்கு எட்டிய துண்டு அதுதான்.

கருமாதி வியாழக்கிழமை. ஜெயந்தினி ஒரு மணி வரை கடையில் லீவு கேட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். மேல்கணக்கு வரை பாதையோரமெல்லாம் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் இடத்தில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே பேனர் நின்றது. வேன்களில் வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சதீஸ்குமார் வேட்டியோடு அங்குமிங்கும் ஓடி எல்லோருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். இராசையா ஐயர் சொன்னதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, பாதைக்கு வந்து, பேனருக்கு முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஜெயந்தினி பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா புள்ள," என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். பாக்கியலெட்சுமியின் கொந்தரப்புக்காரிகள், இருபது முப்பது வருடம் அவளோடு ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். முழு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்று அரை நாள் சம்பளமான அரைப் பேருக்கு வேலை செய்துவிட்டு, கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, வெறும் கூடையும் கொங்காணியுமாக வந்திருந்தார்கள். ஆளுக்கொரு தேங்காய், கற்பூரம். முன்னால் வந்த நிஷாந்தினி அக்கா பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"யாருடி இது?"

"சதீசோட மாமியா மாதிரி இருக்கு. கொழும்புல இருக்காங்களே, சம்பந்தியம்மா."

"அவங்க படத்த எதுக்கு இங்க கட்டியிருக்காங்க? அவங்க நல்லா இருக்காங்கல்ல?"

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி கீழே பாக்கியத்தின் பெயர் இருக்கிறது என்றாள். அவர்களுக்கு இன்னும் குழம்பிப் போயிற்று. பெயர் சரியாக இருந்து முகம் எப்படித் தப்பாகும். நிஷாந்தினி அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள், ஜெயந்தினி கண்ணில் பட்டாள்.

"ஏன் புள்ள, நீ வேல செய்யிற கடையிலதானே அடிச்சாங்க? படத்த மாத்திக் குடுத்துட்டாங்க போல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குற்றம் சொல்லும் பார்வை அல்ல. பிழை எல்லோருக்கும் வரும், கங்காணி கூட நிறுவையைத் தப்பாக எழுதுவதில்லையா என்கிற மாதிரிப் பார்வை. ஜெயந்தினி இராசையாவைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"ஆமாக்கா," என்றாள். "மாறிப்போச்சு."

"அதான பார்த்தேன்," என்றாள் நிஷாந்தினி அக்கா. முகத்தில் நிம்மதி வந்தது. "அப்ப சரியான படம் எங்க? அது வராம எப்பிடிக் கற்பூரம் காட்டுறது?"

ஜெயந்தினி வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்கு முன்னால் இராசையா கல்லிலிருந்து எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"பஸ்ல வருது," என்றார். "பதுளையிலருந்து அனுப்பிட்டாங்க. ஒக்காருங்க."

பெண்கள் அதை நம்பினார்கள். கூடைகளைப் பாதையோரம் இறக்கி வைத்தார்கள். சேலைத் தலைப்பால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். பேனருக்குக் கீழேதான் உட்கார்ந்தார்கள், ஆனால் ஒருத்தியும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை கீழே வளைந்து மறையும் இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.